மலக்குழி மரணத்தைப் பற்றி எள்ளலாக எழுதலாமா?

கேள்வி: செங்கழுநீர்

எங்கள் பகுதியிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மலக்குழியைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒருவரும், மயங்கி விழுந்த அவரைத் தூக்கிவிட இறங்கிய இன்னொருவரும் இறந்துபோனார்கள். நாளிதழில் நான்கு வரிச் செய்தியாக அது வந்து போயிற்று. கட்டுரையாக எழுதினால் முதல் பத்தியைத் தாண்டி ஒருவரும் படிக்கமாட்டார்கள் என்று எண்ணி, அங்கதமாக ஒரு சிறுகதை எழுதினேன். இறந்தவரே குழிக்குள்ளிருந்து பேசுவதாகவும், மேலே நடப்பவற்றைத் தம் பேச்சுவழக்கில் கிண்டலடிப்பதாகவும் அதை அமைத்திருந்தேன். நண்பர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஆனால் தூய்மைப் பணியாளர் சங்கத்தில் இருக்கும் ஓர் அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுல எந்த எடத்துல சார் சிரிக்கணும்?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையைத் திறக்கவே கை வரவில்லை. இத்தகைய விஷயத்தை நகைச்சுவையாக எழுத முனைந்ததே தவறா, அல்லது நான் எழுதிய விதம் தவறா?

பதில்: ஆற்றுமணல்

கதையைப் படிக்காமல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர்கள் சிரித்தது எதைக் கேட்டு என்று யோசித்துப் பாருங்கள். இறந்தவரின் பேச்சுவழக்கைக் கேட்டுத்தான் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சென்னைத் தமிழையும் சேரித் தமிழையும் கேட்ட மாத்திரத்தில் சிரிக்கும்படி நம் திரைப்படங்கள் பல பத்தாண்டுகளாக நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பழக்கத்தின் தோளில் ஏறிக்கொண்டு எழுதினால், குடியிருப்போர் சங்கச் செயலாளரைக் குத்துவதாக நீங்கள் நினைத்திருக்க, வாசகர் குழிக்குள் கிடப்பவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்த அம்மா கேட்டதைவிடக் கூர்மையான விமர்சனத்தை உங்களுக்கு யாரும் தரப்போவதில்லை.

பதில்: பழைய இசைத்தட்டு

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபத்தை மறுபடியும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 1949ஆம் ஆண்டு வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் அது இடம்பெற்றது. தில்லைக்குப் போகத் துடித்த நந்தனாரின் கதையை, பள்ளிக்கூடம் போகத் துடிக்கும் கிந்தனின் கதையாக அவர் மாற்றினார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கிந்தன் படித்துக் கல்வி அதிகாரியாகி ஊர் திரும்புகிறான். இதில் நான் வியப்பது கதையை விட வடிவத்தைத்தான். பாகவதர்களுக்கே உரிய காலட்சேப பாணியை, அதன் ராகம், இழுவை, இடையிடையே வரும் விளக்கம் எல்லாவற்றோடும் அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள் ரயிலையும் பள்ளிக்கூடத்தையும் கொண்டுபோய் உட்கார வைத்தார். சிரிப்பு முழுவதும் அந்தப் பொருத்தமின்மையிலிருந்து பிறக்கிறதே ஒழிய, கிந்தனின் சாதியிலிருந்தோ வறுமையிலிருந்தோ பிறப்பதில்லை. படிக்கக்கூடாது என்பவர்கள்தாம் அங்கே கோமாளிகள்.

ஆகவே, யாருடைய வடிவத்தை நீங்கள் எடுத்தாளப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பதில்: தாழ்வாரம்

முன்னவர் சொன்னதையே என் தொழில் வழியாகச் சொல்கிறேன். நான் நீதிமன்றத் தாள்களோடு உழல்பவன். இந்த விஷயத்தில் எழுத்தாளர் நகைச்சுவையைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை, அரசுத் தாள்களிலேயே அது கொட்டிக் கிடக்கிறது. கையால் மலம் அள்ள ஆள் அமர்த்துவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அது போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. அந்தப் புதிய சட்டத்தில் ‘அபாயகரமான சுத்திகரிப்பு’ என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் கொடுக்காமல் மனிதரைக் கொண்டு சாக்கடையையோ மலக்குழியையோ சுத்தம் செய்விப்பதுதான் அபாயகரமானது. கையுறையைக் கொடுத்துவிட்டோம் என்று வாதாடுவதற்கு அந்த ஒரு வரி எவ்வளவு அகலமான கதவைத் திறந்து வைத்திருக்கிறது! நாடாளுமன்றத்திலோ, கையால் மலம் அள்ளியதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றும், சாக்கடை மற்றும் மலக்குழிகளின் அபாயகரமான சுத்திகரிப்பில்தான் இறந்தார்கள் என்றும் ஒன்றிய அரசு ஒரே மூச்சில் பதில் அளித்திருக்கிறது. இதை ஒரு சொல்லும் மாற்றாமல், முகத்தில் சிரிப்பே இல்லாத ஓர் அதிகாரியின் வாயில் வைத்தால் போதுமானது. அயர்லாந்து வறுமையைப் பற்றி 1729இல் ஜோனதன் ஸ்விஃப்ட் செய்தது அதுதான்; ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்ற யோசனையை, ஒரு லட்சத்து இருபதாயிரம் குழந்தைகள் என்று தொடங்கிக் கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு எழுதினார்.

நம் செய்தித்தாள் தமிழையும் விட்டுவிடாதீர்கள். ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று எழுதுகிறோம். அந்த வாக்கியத்தில் எழுவாயைத் தேடினால், கொன்றது வாயு. ஆளை அனுப்பியவர், கூலி பேசியவர், மூடியைத் திறந்துவிட்டவர் என எவருமே அங்கே இல்லை. அந்த விஷவாயுவைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்து வாக்குமூலம் வாங்குவதாக ஒரு கதை எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

பதில்: வெயில்மரம்

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. இறந்தவர்களின் குடும்பம் அதே ஊரில் இருக்கும்போது, எள்ளல் யாரைக் குறிவைத்தாலும் அவர்கள் காதில் அது சிரிப்பாகத்தான் விழும். இந்தச் சாவைப் பொறுத்தவரை கொஞ்ச காலம் செய்தியாகவும் வழக்காகவும் மட்டும் பேசுவதே நாகரிகம் என்று நினைக்கிறேன். கிந்தன் கற்பனைப் பாத்திரம். உங்கள் கதையில் இருப்பவர்களுக்கு வீடும் பிள்ளைகளும் உண்டு.

கேள்வியாளர்: செங்கழுநீர்

வெயில்மரம் சொன்னதை மறுக்க என்னிடம் பதில் இல்லை. ஊரையும் குடியிருப்பையும் அடையாளம் தெரியாதபடி மாற்றிவிட முடிவு செய்திருக்கிறேன். இறந்தவர் இப்போது கதையில் பேசவே போவதில்லை. குடியிருப்போர் சங்கத்தின் மாதாந்திரச் சுற்றறிக்கையாகவே முழுக் கதையையும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்: லிஃப்ட் பழுது, பொங்கல் கோலப்போட்டி, அதன் கீழே மூன்றாவது பொருளாக மலக்குழி. ‘சுத்தம் செய்ய வரும் நபர்கள் லிஃப்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற வரியை எழுதியபோது எனக்கே சிரிப்பு வரவில்லை. நான்காவது பொருளாக, இழப்பீட்டுத் தொகையான 10 லட்சம் ரூபாயை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கும் கணக்கு வருகிறது. முடிந்ததும் முதலில் அந்த அம்மாவிடம்தான் படித்துக் காட்டப்போகிறேன்.

பதில்: தாழ்வாரம்

ஒரு திருத்தம். 10 லட்சம் என்பது உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் விதித்த தொகை. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்திவிட்டது. கதை அதற்குப் பிறகு நடப்பதாக இருந்தால், உங்கள் செயலாளர் பங்குக் கணக்கை மறுபடியும் போட வேண்டியிருக்கும்.