மொல்வேனி ஓடையில் தொங்கிய கூழ்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

டர்பன் பக்கத்திலுள்ள கிரான்ட்ஸ்க்ளூஃப் காட்டுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறோம். பிரியாணிச் சட்டியை இறக்கி, அருவியைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். தென்னாப்பிரிக்காவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு தவளை அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பது நாற்பத்தாறு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. க்ளூஃப் தவளை என்கிறார்கள். அழியும் ஆபத்தில் உள்ள இனம்.

போன நவம்பரில் தங்கை மகள் இழுத்துக்கொண்டு போனாள். உயிரியல் படிக்கிறவள். மொல்வேனி ஓடைக்குப் போகக் காட்டுக்குள் இறங்குமுன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவச் சொன்னாள். தவளைகளைக் கொல்லும் ஒரு பூஞ்சை, சேற்றோடு ஓடை விட்டு ஓடை போகுமாம்.

"மாமா, தவளையைத் தேடாதீங்க, கூழைத் தேடுங்க" என்றாள். கூழ் என்றதும் எனக்கு மாரியம்மன் கோயில் அண்டாதான் ஞாபகம் வந்தது.

அரை மணி நேரம் ஒன்றும் தென்படவில்லை. அப்புறம் அவள் டார்ச்சை மேலே திருப்பினாள். தண்ணீருக்கு மேல் இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியில், கண்ணாடி போல ஒரு கட்டி. அதுதான் அவள் சொன்ன கூழ், தவளை முட்டைகளைச் சுற்றியிருப்பது. உள்ளே தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. கூழ் இளகியதும் ஒவ்வொன்றாகக் கீழே தண்ணீரில் விழுந்துவிடுமாம். இந்தத் தவளைக்கு ஓடை மட்டும் போதாது, ஓடைக்கு மேல் கவிந்த கிளையோ பாறையோ வேண்டும். கரையில் மரத்தை வெட்டினால் முட்டை வைக்க இடமில்லை. மேலே மண் சரிந்து தண்ணீர் கலங்கினால் குஞ்சுகளுக்கு வாழ்வில்லை.

தவளையையும் பார்த்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்துப் பாறையில்தான் அவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது! நான்கு சென்டிமீட்டர்கூட இருக்காது. பாறையின் நிறம், கூர் மூக்கு, முதுகில் ஒரு வெளிர்க் கோடு. சத்தமும் பெரிதாக இல்லை. நாக்கை மெல்லச் சொடுக்கினாற்போல ஒரு 'டிக்', அப்புறம் வெகுநேரம் மௌனம்.

இதைத் தனி இனமாக முதலில் விவரித்தது 1912-ல். மாதிரி கிடைத்த இடம் மரியான்ஹில். ஆமாம், நாம் டோல் கட்டுகிற அதே மரியான்ஹில். கடலோரக் காடு பெரும்பாலும் கரும்பாகிவிட்டது. 1860-லிருந்து அந்தக் கரும்பை வெட்டியவர்கள் நம் தாத்தாமார். தோட்டம் யாருடையது என்பது வேறு கதை.

ஈசிப்பிங்கோவிலிருந்து:

அண்ணா, என்னுடையது ஓடைத் தவளை இல்லை, சதுப்பு நிலத்து நாணல் தவளை. பிக்கர்ஸ்கில் நாணல் தவளை என்று பெயர். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் கடலோரத்தில் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நடுவே எஞ்சிய ஈரத்தில் இருப்பதாகச் சொல்லி, களைச்செடி பிடுங்க ஆள் கேட்டார்கள். நானும் போனேன். இருட்டியதும் மற்ற தவளைகள் போட்ட கூச்சலில் அதன் குரலைப் பிரித்துக் கேட்கவே முடியவில்லை. பூச்சி கத்துவதுபோல அவ்வளவு மெல்லிய சத்தம். மூன்றாவது ராத்திரிதான் ஒன்றைப் பார்த்தேன், பளிச்சென்று எலுமிச்சைப் பச்சை, பெண் தவளை. கட்டைவிரலின் மேல்கணு அளவுதான். ஜோகன்னஸ்பர்க் மிருகக்காட்சி சாலையில் இதை வளர்த்து நம் மாகாணத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். 2016-ல் இதன் நிலை 'மிக ஆபத்து' என்பதிலிருந்து ஒரு படி குறைந்து 'ஆபத்து' என்றானது. ஆனால் அன்று நாங்கள் பிடுங்கியதைவிட அதிகக் களை அடுத்த மழைக்குள் முளைத்துவிட்டது. ஆயா கேட்டால் சிரிப்பார். தவளை வீட்டுக்குள் வந்தால் துடைப்பத்தை எடுக்கிறவர் அவர்.

மறுபடி சாட்ஸ்வொர்த்திலிருந்து:

துடைப்பம் எங்கள் வீட்டிலும் உண்டு தம்பி! அந்தக் குச்சி எந்த இடத்தில் என்று இதைப் படித்த இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கோபிக்க வேண்டாம், சொல்ல மாட்டேன். உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படம் ஏற்றியபோது அதுவே சரியான இடத்தை மறைத்துவிட்டது. அதுவே மறைக்கிறபோது நான் எப்படிச் சொல்வது? பாதையில் நின்றபடி 'டிக்' கேட்கிறதா என்று பாருங்கள், அதற்கு இடம் தெரிய வேண்டியதில்லை.