பிராம்ப்டன் சரக்கு நிறுவனம் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறது: விடிந்தால் லோடு எடுக்கலாமா?

நாமக்கல் ஓட்டுநர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல்லில் பல ஆண்டுகள் லாரி ஓட்டிய அனுபவத்தோடு கனடாவுக்கு வந்து, ஒன்டாரியோ மாகாணத்துப் பிராம்ப்டனில் ஒரு சரக்கு நிறுவனத்தில் நெடுந்தொலைவு ட்ரெய்லர் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கடந்த மாதச் சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை. கேட்டால், நான் கடைசியாக ஓட்டிய ட்ரெய்லரின் பின்கதவு வளைந்திருக்கிறது என்றும், பழுதுபார்க்க ஆகும் 2,800 டாலரைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவோம் என்றும் சொல்கிறார்கள். யார்டில் வண்டியை விட்டபோது கதவு நன்றாகத்தான் இருந்தது. அதன்பிறகு வேறு யார் யாரோ அந்த ட்ரெய்லரை நகர்த்தியிருக்கிறார்கள். இப்போது, சேதத்துக்கு நானே பொறுப்பு என்றும் நிறுவனம் எனக்கு எந்தப் பாக்கியும் தர வேண்டியதில்லை என்றும் எழுதிய ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். விடிந்தால் மானிடோபா மாகாணத்து வினிபெக்குக்கு லோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவா, வேலையை விட்டுவிடவா? ஊரில் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே பதில் சொல்லுங்கள்.

ஸ்காபரோ பாரவூர்திக்காரர்

தம்பி, வினிபெக் பாதை இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் என்பதையும், சூசென்மரியைத் தாண்டிய பிறகு 17ஆம் நெடுஞ்சாலை பல இடங்களில் ஒரு திசைக்கு ஒரு தடம்தான் என்பதையும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வந்த புதிதில், 2016 ஜனவரியில் நிப்பிகன் ஆற்றுப் பாலத்தின் தளம் தூக்கிக்கொண்டு பாதை அடைபட்டபோது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன். நாட்டின் கிழக்கையும் மேற்கையும் சாலை வழியாக இணைக்கும் இடம் அது ஒன்றுதான் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. மைல் கணக்கில் சம்பளம் என்பதால், காத்திருந்த நேரத்துக்கு நிறுவனம் ஒரு சதமும் தரவில்லை; எஞ்சினை அணைத்தால் உறைந்துபோவேன், ஓடவிட்டால் எரிபொருள் ஏன் கூடியது என்று கேட்பார்கள். ஆகவே கனமான சப்பாத்து, கூடுதல் போர்வை, இரண்டு நாளுக்கான உலர் உணவு, கண்ணாடி கழுவும் திரவம் எல்லாம் வண்டியில் இருக்கட்டும். வேலையை மட்டும் இப்போது விட்டுவிடாதீர்கள். இங்கே இரண்டு வருட அனுபவம் இல்லாத ஓட்டுநரைக் காப்பீட்டுக்காரர்கள் எளிதில் ஏற்பதில்லை, நல்ல நிறுவனங்கள் உங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டா. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இரண்டு வருடத்தை முடித்துவிடுங்கள்.

பிராம்ப்டன் ஓனர் ஆபரேட்டர்

அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. சம்பளமே தராத இடத்தில் பல்லைக் கடித்து என்ன பயன்? ஒரே வழி, சொந்தமாக ஒரு கார்ப்பரேஷன் பதிவு செய்துகொண்டு, அதன் பெயரில் விலைப்பட்டியல் கொடுத்து வேலை செய்வதுதான். வரி பிடித்தம் இல்லாமல் முழுப்பணம் கைக்கு வரும், பிடிக்காவிட்டால் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடலாம். நானும் தொடக்கத்தில் மாதச் சம்பளத்துக்கு ஓட்டி, வாடகைக்கும் மளிகைக்கும் போதாமல் அல்லாடினேன். கார்ப்பரேஷன் தொடங்கிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

மிசிசாகா கணக்காளர்

மேலே சொன்ன ஆலோசனையால்தான் ஒவ்வோர் ஆண்டும் ஓட்டுநர்கள் என் மேசை முன்னால் வந்து அழுகிறார்கள் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். வண்டி நிறுவனத்துடையது, டீசல் நிறுவனத்துடையது, எந்த லோடு எந்த நேரத்தில் என்று சொல்வதும் நிறுவனம் என்றால், ஓட்டுநர் எத்தனை கார்ப்பரேஷன் பதிவு செய்தாலும் அவர் ஊழியர்தான். 'டிரைவர் இன்க்' என்று எல்லோரும் அழைக்கும் இந்த ஏற்பாட்டில் ஓய்வூதியப் பங்களிப்பு, வேலையிழப்புக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, விடுமுறைச் சம்பளம் அனைத்தையும் தவிர்த்து லாபம் பார்ப்பது நிறுவனம் மட்டுமே. அந்தக் கார்ப்பரேஷனைத் தனிநபர் சேவை நிறுவனம், அதாவது ஓர் ஊழியரின் உழைப்பையே நிறுவனப் பெயரில் விற்பது, என்று சி.ஆர்.ஏ. (கனடா வருவாய் முகமை) முடிவு செய்தால், சிறு தொழில்களுக்கான சலுகை எதுவும் கிடைக்காது. ஒன்டாரியோவில் வரி 44.5 விழுக்காடு வரை போகும், கழித்துக்கொள்ளக்கூடிய செலவுகளும் மிகக் குறைவு. கையில் முழுப்பணம் வந்ததாக மகிழ்ந்தவர், பிறகு வட்டியோடு கட்டுவார். நிறுவனத்தில் தன் நிலை ஊழியரா ஒப்பந்தக்காரரா என்று சந்தேகம் உள்ளவர், வேலை செய்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு ஜூன் 29க்குள் சி.ஆர்.ஏ.விடம் கட்டணமில்லாமல் முடிவு கேட்கலாம்.

பிராம்ப்டன் ஓனர் ஆபரேட்டர்

என் கதை வேறு, ட்ரெய்லரை இழுக்கும் ட்ராக்டர் என் சொந்த வண்டி. சொந்த வண்டி வைத்திருப்பவனையும் இதே தராசில் நிறுக்காதீர்கள்.

மில்டனிலிருந்து ஓர் ஓட்டுநரின் மனைவி

வரியைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், உயிரைப் பற்றியும் சற்றுப் பேசுங்கள். என் கணவர் வேலை செய்த நிறுவனத்தில், பதின்மூன்று மணி நேர ஓட்டும் வரம்பு முடிந்த பிறகும், லோடு ஒதுக்கும் டிஸ்பாட்சர் அழைப்பார். தூக்கத்தில் இருக்கும் மனிதரிடம், ஓட்டிய நேரத்தைப் பதியும் லாகில் திருத்தம் அனுப்பியிருக்கிறோம், திரையில் ஒப்புதல் பொத்தானை மட்டும் அழுத்துங்கள் என்பார். இரண்டு மணி நேரம் ஓட்டியதை ஓய்வு என்று மாற்றிய திருத்தம் அது. அழுத்தினால் அந்தப் பொய் அவருடைய பொய் ஆகிவிடும், அழுத்தாவிட்டால் அடுத்த வாரம் லோடு கிடையாது. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் ஹாக்கி அணியின் பேருந்தும் ட்ரக்கும் மோதி 16 பேர் இறந்தார்கள். அந்த ட்ரக்கை ஓட்டிய இளைஞர் இரண்டு வாரப் பயிற்சியோடு தனியாக அனுப்பப்பட்டவர். அவருக்கு எட்டு ஆண்டு சிறை. நிறுவன உரிமையாளருக்கு, விதிகளை மீறியதற்காக 5,000 டாலர் அபராதம். அந்த ஓட்டுநர் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அனுப்பியவருக்கும் அனுப்பப்பட்டவருக்கும் கிடைத்த தண்டனையின் அளவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சிறு நிறுவன உரிமையாளர், வான் நகரம்

எல்லா நிறுவனமும் ஏமாற்றுகிறது என்று எழுதுவது நியாயமில்லை. லோடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் அதற்கான பணத்தை அறுபது நாள் கழித்துத் தருகிறார், டீசலுக்கும் காப்பீட்டுக்கும் நாங்கள் இன்றே கட்ட வேண்டியிருக்கிறது. நேர்மையாகச் சம்பளப் பட்டியலில் ஆள் வைத்து ஓட்டும் எங்களைவிட, 'டிரைவர் இன்க்' நிறுவனங்கள் குறைந்த விலைக்கு லோடு எடுத்துவிடுகின்றன. எங்களையும் சேர்த்துத்தான் அவர்கள் அழிக்கிறார்கள்.

ஸ்காபரோ பாரவூர்திக்காரர்

புரோக்கர் தாமதம் செய்வது உண்மைதான், ஆனால் அந்தப் பாரத்தை ஓட்டுநரின் தலையில் இறக்குவது எந்த ஊர் நியாயம்? நம்மவர் கடை, நம்மவர் கொம்பனி என்று நம்பிப் போனவர்களுக்கும் இதே நிலைதான். பேசுவது தமிழில் இருக்கும், சம்பளத் துண்டு மட்டும் எந்த மொழியிலும் இருக்காது. அந்தக் காலத்தில் வாடகை குறைவு, பத்துப் பேர் ஒரு வீட்டில் இருந்து சமாளித்தோம். இப்போது வருகிற பிள்ளைகள் ஒரு நிலவறைக்கே…

டொராண்டோ தொழிலாளர் உதவித் தன்னார்வலர்

ஐயா, மன்னிக்கவும், உங்கள் பேச்சை இடைமறிக்கிறேன். கேட்டவருக்கு விடிவதற்குள் பதில் வேண்டும். நாமக்கல் நண்பரே, முதல் செய்தி: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞரிடம் காட்ட ஒரு பிரதி வேண்டும் என்று சொல்லி, முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு சொல்ல எனக்கு மூன்று விவரங்கள் தேவை. உங்கள் பணி அனுமதியில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, அல்லது எங்கும் வேலை செய்யும் திறந்த அனுமதியா? சம்பளம் வரி பிடித்து உங்கள் பெயருக்கு வருகிறதா, ஏதாவது கார்ப்பரேஷன் பெயருக்கு வருகிறதா? வேலைக்காக யாருக்காவது பணம் கொடுத்தீர்களா?

நாமக்கல் ஓட்டுநர்

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல்) மூலம் வந்தேன், அனுமதியில் இந்த நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது. வந்த பிறகு அவர்களே என் பெயரில் ஒரு கார்ப்பரேஷன் பதிவு செய்யச் சொன்னார்கள், பணம் அதற்குத்தான் வருகிறது. சம்பளத் துண்டு எதுவும் கொடுத்ததில்லை. ஊரில் உள்ள ஏஜென்ட் வழியாக நிறுவனத்துக்கென்று பெரிய தொகை கொடுத்தேன், முதலில் சொன்ன கடன் அதற்காக வாங்கியதுதான். வேலைக் கடிதத்தில் மணிக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தது. இங்கே மைலுக்குத்தான் கணக்கு.

டொராண்டோ தொழிலாளர் உதவித் தன்னார்வலர்

இந்த விவரங்களால் முன்பு வந்த ஆலோசனைகளில் பாதி உங்களுக்குப் பொருந்தாமல் போகிறது. உங்கள் அனுமதி, அதில் பெயருள்ள முதலாளியிடம், கடிதத்தில் சொன்ன வேலையை, சொன்ன ஊதியத்துக்குச் செய்வதற்கானது. கார்ப்பரேஷன் வழியாக ஓட்டச் சொல்லி உங்கள் குடிவரவு நிலையையே அவர்கள் ஆபத்தில் தள்ளியிருக்கிறார்கள். ஆகவே புதிய கார்ப்பரேஷன் யோசனையை விட்டுவிடுங்கள். அதேபோல், இரண்டு ஆண்டு பொறுத்துக்கொள்வதும் உங்களுக்கான வழி அல்ல.

மாகாண எல்லையைக் கடந்து சரக்கு ஏற்றுவதால் உங்கள் வேலை ஒன்டாரியோ சட்டத்தின் கீழ் வராது, கனடா தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது. வராத சம்பளத்துக்கான முறையீட்டைக் கூட்டாட்சி அரசின் தொழிலாளர் பிரிவான லேபர் புரோகிராமிடம் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தின்படி, வேறொருவரும் கையாளக்கூடிய நிலையில் இருந்த பொருளுக்கு நேர்ந்த சேதத்தை, நீங்களே எழுதிக் கொடுத்திருந்தாலும் சம்பளத்திலிருந்து கழிக்கக் கூடாது. யார்டில் பலர் நகர்த்திய ட்ரெய்லர் அதற்கு நேரான எடுத்துக்காட்டு. 2024 ஜூன் 20 முதல், சம்பளம் வாங்கி வேலை செய்பவர் ஊழியர் என்றே சட்டம் கருதுகிறது. ஊழியர் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. ஆகவே கார்ப்பரேஷன் இருப்பதால் உரிமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேலைக்கு எடுக்கும் செலவை ஓட்டுநரிடம் வசூலிப்பதும், ஏஜென்ட் வசூலிக்க விடுவதும் 2022 செப்டம்பர் 26 முதல் குடிவரவு விதிகளில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டுள்ளன. எல்.எம்.ஐ.ஏ. விண்ணப்பத்துக்கான 1,000 டாலரையும் முதலாளிதான் கட்ட வேண்டும். ஏஜென்ட்டுக்கு அனுப்பிய வங்கி ரசீது, வாட்ஸாப் உரையாடல், குரல் செய்தி அனைத்தையும் இன்றிரவே வேறொரு மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். லோடு தாள்கள், எடை ரசீதுகள், லாக் பதிவின் திரைப்பிடிப்புகள், அந்த ட்ரெய்லரை விட்ட நாளில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அதுவும் சேரட்டும். நிறுவனத்தின் செயலியில் மட்டும் இருப்பவை, வேலை போன மறுநிமிடமே உங்களுக்குத் திறக்காது.

துன்புறுத்தலுக்கு உள்ளான, முதலாளி பெயர் குறித்த அனுமதி உள்ள தொழிலாளர்களுக்கென்று 2019 ஜூன் முதல் ஒரு திறந்த பணி அனுமதி இருக்கிறது. பண மோசடியும் அதில் துன்புறுத்தலாகக் கருதப்படும். கட்டணம் கிடையாது, கனடாவுக்குள் இருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம், இப்போதைய அனுமதி காலாவதியாகும் முன் விண்ணப்பிக்க வேண்டும். வேலையை விட்ட கணமே நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று மிரட்டுவார்கள், அது உண்மையல்ல. அனுமதியின் தேதி வரை இங்கே இருக்கலாம், ஆனால் புதிய அனுமதி வரும்வரை வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது. விண்ணப்பத்தைத் தனியாக நிரப்பாதீர்கள். சவுத் ஏஷியன் லீகல் கிளினிக் ஆஃப் ஒன்டாரியோ, வொர்க்கர்ஸ் ஆக்‌ஷன் சென்டர் இரண்டும் டொராண்டோவில் இருக்கின்றன. காலையில் திறந்ததும் அழைத்து, பணி அனுமதி, சம்பளம் இரண்டையும் பற்றிப் பேசுங்கள்.

லோடு எடுப்பதா என்ற கேள்விக்கு: உடலும் வண்டியும் சரியாக இருந்து, கையெழுத்துக் கேட்காமல் கொடுத்தால் எடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் பிரேக் சரிபார்ப்பை நீங்களே செய்யுங்கள், ஓய்வு நேரத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள், லாகில் மற்றவர் அனுப்பும் பொய்த் திருத்தத்தை ஏற்காதீர்கள். களைப்பாக இருக்கும் ஓட்டுநரை ஓட்டச் சொல்வது நிறுவனத்தின் மீறல். கையெழுத்து இல்லாமல் வண்டி தர மறுத்தால், அந்த மறுப்பைக் குறுஞ்செய்தியாக எழுதி வாங்கப் பாருங்கள்.

மில்டனிலிருந்து ஓர் ஓட்டுநரின் மனைவி

தம்பி, வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்த ரசீதுகள் ஊரில் அவர்களிடம்தான் இருக்கும்.

நாமக்கல் ஓட்டுநர்

ஆமாம் அக்கா, ரசீதுகள் மனைவியிடம் இருக்கின்றன, காலையில் கேட்டு வாங்குகிறேன். இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். காப்பீட்டுக்கு வேண்டும் என்று என் கடவுச்சீட்டை அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

டொராண்டோ தொழிலாளர் உதவித் தன்னார்வலர்

அப்படியானால் வரிசையை மாற்றுங்கள். சம்பளத்தைப் பற்றி வாய் திறக்கும் முன் கடவுச்சீட்டை வாங்குங்கள். வங்கியில் அடையாளம் காட்ட வேண்டும் என்று கேளுங்கள், கேட்டதைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். அதை வைத்திருக்க முதலாளிக்கு எந்த உரிமையும் இல்லை. மறுத்தால் பீல் வட்டாரக் காவல்துறையின் அவசரமற்ற எண்ணை அழையுங்கள், டொராண்டோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவியுங்கள். கைக்கு வந்ததும் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பிவிடுங்கள். அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டாம்.

ஸ்காபரோ பாரவூர்திக்காரர்

நாளை எனக்கு ஓய்வு நாள், தம்பி. அலுவலகத்தின் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், எட்டு மணிக்கு வாசலில் நிற்கிறேன்.