பள்ளித் தோட்டம் போட்டால் பிள்ளைகள் உண்மையிலேயே கீரை சாப்பிடுவார்களா?

பிறை_அம்மா
வணக்கம். மலேசியாவில், பினாங்கின் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிறேன், மகள் மூன்றாம் ஆண்டு. பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் காய்கறித் தோட்டம் போடலாம் என்று தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு நம்பிக்கை இல்லை, "பள்ளித் தோட்டப் போட்டிக்குப் படம் எடுத்து முடிந்ததும் லாலாங் புல்தான் முளைக்கும்" என்கிறார்கள். எனக்குப் போட்டியெல்லாம் வேண்டாம். தட்டில் கறிவேப்பிலையோடு சேர்த்துக் கீரையையும் ஓரம் கட்டுகிற பிள்ளைகள் இவர்கள். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ என்கிற அந்த 'சுக்கு சுக்கு செப்பாரோ' (மலாயில் கால், கால், பாதி) படம் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அதற்கு நேர் கீழேதான் நகெட் விற்கிறது. தோட்டம் போட்டால் ஏதாவது மாறுமா? என்ன நடலாம்? கூட்டத்தில் என்ன சொல்லட்டும்?

சத்துணவு_கேஎல்
சகோதரி, நட்டால் மட்டும் மாறாது. இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள். லண்டன் தொடக்கப்பள்ளிகளில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் நடத்திய சோதனை 2014இல் வெளிவந்தது. தோட்டம் இருந்ததால் மட்டும் பிள்ளைகள் பெரிதாகக் கூடுதல் காய்கறி சாப்பிட்டுவிடவில்லை, தோட்டத்தைப் பள்ளியின் அன்றாட வேலையாகவே ஆக்கிக்கொண்ட இடங்களில்தான் வித்தியாசம் தெரிந்தது. டெக்சஸில் ஆஸ்டின் பக்கம் 16 பள்ளிகளில் தோட்ட வேலையோடு சமையலையும் சத்துணவுப் பாடத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், அங்கே காய்கறி சாப்பிடுவது கூடியது. ஆனால் உடல் எடையில் மாற்றம் இல்லை. அதனால் கூட்டத்தில் "பிள்ளைகள் இளைத்துவிடுவார்கள்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் 5 முதல் 17 வயதுக்காரர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள், அதை நாலு பாத்தி கங்கோங் கீரை தீர்த்துவிடாது. பிள்ளைகள் தாங்களே பறித்ததைத் தாங்களே கழுவி, நறுக்கி, அன்றைக்கே ஒரு வாய் சாப்பிட வேண்டும். அடுப்பு இல்லாத தோட்டத்துக்கு நான் ஆதரவு தரமாட்டேன்.

இன்னொன்று, கீரை என்றாலே இரும்புச்சத்து என்று சொல்லிக்கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறோம். கீரையில் இருப்பது உடம்பு எளிதில் உறிஞ்சாத வகை. எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துச் சாப்பிட்டால் கூடுதலாக உறிஞ்சும், சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் குறையும். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூட சோற்றோடு தே குடிக்கும் பழக்கம் இருக்கிறதே, இந்தப் பாடம் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் முதலில் வேண்டும் 😅

ஆயர்_ஈத்தாம்_வாத்தியார்
நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். என்ன நடுவது என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். சிறுபிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது, அதனால் பாயாமும் (தண்டுக்கீரை வகை) கங்கோங்கும்தான் முதல். மூன்று நான்கு வாரத்தில் பறித்துவிடலாம், கங்கோங்கைத் தண்டோடு நட்டாலும் பிடித்துக்கொள்ளும். வெண்டையும் நீளப் பயற்றங்காயும் ஒன்றரை மாதம் ஆகும், ஆனால் பூ பிஞ்சாகிக் காயாவதை அன்றாடம் பார்க்கலாம், அறிவியல் பாடத்துக்கு நல்லது. வேலி ஓரம் முருங்கை. தக்காளி வேண்டவே வேண்டாம், நம் தாழ்நிலச் சூட்டில் வாடல் நோய் வந்து ஒரே வாரத்தில் செடி சாய்ந்துவிடும், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த முடியாது. சேக்கோர் மானிஸ் கீரையும் நடலாம், குச்சி ஊன்றினாலே வரும், ஆனால் கட்டாயம் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். 1990களில் தைவானில் இளைப்பதற்காக அதைப் பச்சையாகச் சாறு எடுத்துக் குடித்தவர்களுக்கு நுரையீரலே கெட்டுப்போனது.

பிறை தொழிற்பேட்டை வட்டாரம், ஆகவே அந்த மண்ணை நான் நம்பமாட்டேன். பாலிபேக்கிலோ பலகை அடித்த உயரப் பாத்தியிலோ வெளி மண் கொண்டுவந்து போடுங்கள், கீரை மண்ணில் உள்ள ஈயத்தையும் இழுத்துக்கொள்ளும். பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் வரும், அவற்றைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொடக்கூடாது, மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி அவற்றில் இருக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வேண்டும், ஒரு வாளி ஒரு வாரம் திறந்து கிடந்தால் ஏடிஸ் கொசு பறக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் தோட்டத்தையே மூடச் சொல்வார்கள். விதைக்கிற தேதியைப் பள்ளி விடுமுறையிலிருந்து பின்னோக்கி எண்ணி வையுங்கள். விடுமுறைக்கு முன் அறுவடை முடிந்தால் யார் தண்ணீர் ஊற்றுவது என்ற சண்டையே வராது.

பிறை_அம்மா
நன்றி சார், நன்றி அக்கா. அடுப்பு விஷயத்தில்தான் சிக்கல். பெற்றோரே சமைத்துக் கொடுக்கலாமா? பாட நேரத்துக்கு எங்கே போவது?

செந்தூல்_மாடிவீடு
நாங்கள் அடுக்குமாடிக்குக் கீழே சின்னதாக ஒரு தோட்டம் வைத்திருக்கிறோம், பிள்ளைகளோடு அங்கேயே சமைப்போம். பள்ளி என்றால் சிற்றுண்டிச்சாலை நடத்துபவரைக் கூட்டுச் சேருங்கள் அக்கா. உணவு கையாளுபவர்களுக்கு டைஃபாய்டு ஊசி, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் கட்டாயம், அது அவரிடம் ஏற்கெனவே இருக்கும். பறித்ததை அவர் அடுப்பிலேயே முட்டை போட்டு வதக்கச் சொல்லுங்கள், நறுக்குவதையும் கிள்ளுவதையும் பிள்ளைகள் செய்யட்டும். தேங்காய்ப்பூ தூவினால் எங்கள் பையன்கள் பாயாமைச் சண்டை போட்டுத் தின்கிறார்கள், சும்மா அவித்து வைத்தால் எவனும் தொடமாட்டான். நானும் தொடமாட்டேன்.

ஆயர்_ஈத்தாம்_வாத்தியார்
நேரம் தனியாகத் தேட வேண்டாம் அம்மா. நலக்கல்வியில் உணவுப் பாடம் வருகிறது, அறிவியலில் தாவரம் வருகிறது, கணிதத்துக்குச் செடி உயரத்தை அளக்கலாம். ஆசிரியர்களிடம் புது வேலை என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள், அந்தப் பாடத்தை வெளியில் வைத்து நடத்துங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதல் தவணையில் ஒரே ஒரு வகுப்போடு ஆரம்பியுங்கள், மூன்றாம் ஆண்டே போதும்.

பிறை_அம்மா
சரி சார். சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் நாளைக்கே பேசுகிறேன். பாலிபேக்குக்கு மண் மூட்டை பட்டர்வொர்த் பக்கம் மலிவாக எங்கே கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?