சாட்சி சொல்லச் சம்மன் வந்திருக்கிறது. கூண்டில் ஏறி எப்படிப் பேசுவது?

இட்லிக்கடை அக்கா:
பைபாஸ் ஓரத்தில் இட்லிக் கடை நடத்துகிறேன். 2023 மார்கழியில் விடிவதற்கு முன் கடைக்கு எதிரே ஒரு லாரி மொபெட்டில் மோதியது. மொபெட்டில் வந்த பால்காரர் இறந்துவிட்டார். நானும் டீ மாஸ்டரும்தான் அவரைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினோம். போலீசார் விசாரித்து ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள். என்னிடம் கையெழுத்துக்கூட வாங்கவில்லை. இப்போது நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. நான் கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை. லாரி நம்பர் மறந்துவிட்டது. என்ன சேலை கட்டுவது என்பதிலிருந்து எல்லாமே பயமாக இருக்கிறது. "போகாமல் இருந்துவிடுங்கள், தானாக விட்டுவிடுவார்கள்" என்கிறார் கொழுந்தனார். எதிர்த்தரப்பு வக்கீல் அதட்டினால் எனக்கு நா எழாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பெஞ்ச் கிளார்க்:
கொழுந்தனார் பேச்சைக் கேட்காதீர்கள் அம்மா. சம்மனை வாங்கிக்கொண்டு போகாமல் இருந்தால் சாட்சிக்கும் வாரண்ட் வரும்.

நடுவர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மேசைக்குப் பக்கத்தில்தான் சாட்சிக் கூண்டு. சேலை பற்றிய கவலையே வேண்டாம், துவைத்துக் கட்டிய எந்தச் சேலையும் போதும். சம்மனையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு பத்து மணிக்கே போய், உங்கள் ஸ்டேஷனின் கோர்ட் காவலரைப் பாருங்கள். அவர் அரசு வழக்கறிஞரிடம் அழைத்துப் போவார். அன்று போலீசார் எழுதிக்கொண்டதை அங்கே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம்; அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நீங்கள் சொல்லாத எதுவும் அதில் இருந்தால் அப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

செல்போனை அணைத்துப் பையில் போடுங்கள். டவாலி (கோர்ட் வாசலில் நிற்கும் ஊழியர்) பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உள்ளே போய், கூண்டில் ஏறி ஒரு வணக்கம். கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், விருப்பமில்லாவிட்டால் உறுதிமொழி கூறலாம். நடுவரை 'ஐயா' அல்லது 'அம்மா' என்றால் போதும். சினிமா வசனம் வேண்டாம்.

இனிதான் முக்கியமானது. இத்தகைய வழக்குகளில் வருகிற சாட்சிகளெல்லாம் "லாரி அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்து மோதியது" என்று குற்றப்பத்திரிகை வாசகத்தை ஒப்பித்துவிட்டு இறங்குகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போனது. கர்நாடகத்து லாரி வழக்கு ஒன்றில் 1998இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: வேகமாக வந்தது என்பதை மட்டும் வைத்து அஜாக்கிரதை என்று முடிவுகட்ட முடியாது. லாரி சாலையின் எந்தப் பக்கம் வந்தது, ஹாரன் கேட்டதா, பிரேக் சத்தம் கேட்டதா, மொபெட் எந்த ஓரத்தில் போனது, தெருவிளக்கு எரிந்ததா, மோதிய பிறகு லாரி எங்கே நின்றது? இவற்றில் எதை நீங்கள் உண்மையிலேயே பார்த்தீர்களோ, கேட்டீர்களோ, அதை மட்டும் சொல்லுங்கள். மோதிய சத்தம் கேட்டுத்தான் திரும்பினீர்கள் என்றால் அப்படியே சொல்லுங்கள். நம்பர் நினைவில்லை என்றால் "நினைவில்லை ஐயா", அவ்வளவுதான். எத்தனை அடி தூரம் என்று கேட்டால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லாதீர்கள். "அடிக்கணக்கு தெரியாது, அடுப்பிலிருந்து பார்த்தால் எதிரே தெரியும் இடம்" என்று சொன்னால் தப்பே இல்லை.

குறுக்கு விசாரணையில் அதட்டலைவிட மெதுவாக வருகிற கேள்விக்குத்தான் சாட்சிகள் சறுக்குவார்கள். "அந்த இருட்டில் நீங்கள் விபத்தைப் பார்க்கவே இல்லை என்றால் சரிதானே?" என்று தேனொழுகக் கேட்பார் வக்கீல். பதற்றத்தில் சாட்சி "ஆமாங்க, பார்த்தேன்" என்று சொல்ல வந்து "ஆமாங்க"வோடு நின்றுவிடுவார். முடிந்தது கதை. 'ஆமாம்', 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் "நான் பார்த்தேன்" என்று முழுதாகச் சொல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். பதிலை நடுவரைப் பார்த்துச் சொல்லுங்கள், நிறுத்தி நிதானமாக. பக்கத்தில் தட்டச்சு ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டுவார்கள். மாறி எழுதியிருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லுங்கள்.

வார்டு செவிலியர்:
மருத்துவமனை வழக்குகளுக்காக நான் அடிக்கடி போகிறவள். தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா. காலையில் போனால் மாலையில்தான் கூப்பிடுவார்கள். சில நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு என்று கூப்பிடாமலே வாய்தா போட்டுவிடுவார்கள். அப்போது அடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். சாட்சிப் படி, அதாவது வந்து போகும் செலவுக்கான பணம் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

கீழமை நீதிமன்ற வழக்கறிஞர்:
கிளார்க் ஐயா சொன்னவை சரி. விபத்தில் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பாக 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ பிரிவு வந்தது; பெயரைச் சொல்லும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் சகோதரி தாமாகவே பெயர் கொடுத்து, கண்டதையும் சொல்லிவிட்டார். இனி அதைக் காட்டி ஒதுங்க முடியாது. எங்கள் தரப்பையும் கொஞ்சம் சொல்கிறேன்: குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல் உங்களுக்குப் பகையாளி அல்ல. குற்றம் சாட்டப்பட்டு நிற்கிற லாரி டிரைவரும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்தான். கேள்வி அவமதிப்பாகப் போனால் நடுவரிடம் சொல்லுங்கள், தடுப்பார். அதற்குள் யாராவது கடைக்கு வந்து "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஆரம்பித்தால், எந்தத் தரப்பாக இருந்தாலும் பேச்சை வளர்க்காதீர்கள்.

இட்லிக்கடை அக்கா:
பாதி பயம் போய்விட்டது. டீ மாஸ்டருக்கும் அதே தேதிக்குச் சம்மன். முன்னதாக இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே மாதிரி பேசி வைத்துக்கொள்ளலாமா?

பழைய பெஞ்ச் கிளார்க்:
வேண்டவே வேண்டாம். நீங்கள் உள்ளே சொல்லும்போது அவரை வெளியே நிறுத்திவிடுவார்கள், எதற்காக என்று நினைக்கிறீர்கள்? அவர் பாய்லர் பக்கம் நின்றவர், நீங்கள் இட்லிச் சட்டி பக்கம் நின்றவர். இருவர் சொல்வதும் கொஞ்சம் மாறித்தான் இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனால்தான் நடுவருக்குச் சந்தேகம் வரும். "இரண்டு பேரும் ஒன்றாகத்தானே வந்தீர்கள்?" என்று வக்கீல் கேட்டால் மறைக்காதீர்கள். ஒரே பஸ்ஸில் வந்தோம் என்று சொல்லுங்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை.