கப்பலில் இருக்கும் தம்பியிடம் மனசு பற்றி எப்படிப் பேசுவது?

உப்புக்காற்று:
தம்பி சரக்குக் கப்பலில் செகண்ட் மேட், அதாவது கப்பல் ஓட்டும் அதிகாரிகளில் ஒருத்தன். சைன் ஆஃப் ஆக, அதாவது பணி முடிஞ்சு கப்பலை விட்டு இறங்க, இன்னும் மாதங்கள் இருக்கு. எப்போ கேட்டாலும் "நல்லா இருக்கேன்க்கா", அதோட சரி. பேச்சும் குறைஞ்சுட்டே வருது. நேரா கேட்டுடலாமா?

மேல்தளம்:
கேளுங்கள். ஆனால் நேரம் பார்த்து. செகண்ட் மேட்டுக்குப் பெரும்பாலும் 12–4 வாட்ச், அதாவது பணிமுறை: நள்ளிரவு 12 முதல் 4, மதியம் 12 முதல் 4. கப்பல் நேரத்துக்குக் காலையில் கூப்பிட்டால் தூக்கம்தான் கெடும். மதிய வாட்ச் முடிந்து, மாலையில் சாப்பிட்ட பிறகு பேசுங்கள். கப்பல் போகப்போகக் கடிகாரத்தை மாற்றுவார்கள், அதனால் இப்போது என்ன நேரம் என்று அடிக்கடி கேட்டுக்கொள்ள வேண்டும்.

"எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன்" தவிர வேறென்ன வரும்? வாட்ச் முடிந்து படுத்ததும் தூக்கம் வருதா, மெஸ்ஸில் யாரோடு சாப்பிடுறே, கடைசியா எங்கே கரை இறங்கினே என்று கேளுங்கள். எல்லோரோடும் உட்காராமல் தட்டைக் கேபினுக்கு எடுத்துப் போகத் தொடங்கியிருந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, 7 நாளில் 77 மணி ஓய்வு வேண்டும். அது கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். வெறும் தூக்கக் குறைவும் மனச்சோர்வு போலவே தெரியும். தூங்கியும் இரண்டு வாரமாக அதே நிலை என்றால் மருத்துவரிடம் பேசவேண்டிய கட்டம்.

எஞ்சின்ரூம்:
பேசாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் பயம். பாதியில் இறக்கிவிடுவார்கள், அடுத்த மெடிக்கலில் தகுதி போய்விடும் என்று. "உயிருக்கு ஆபத்து இல்லாதவரை உன்னைக் கேட்காம கம்பெனிக்குச் சொல்லமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். பேச்சின் நடுவே இணைப்பு அறுந்தால் கோபமென்று நினைத்துக்கொள்வார். அறுந்தால் வாய்ஸ் மெசேஜ் என்று முன்பே பேசி வையுங்கள்.

உப்புக்காற்று:
விபரீதமா ஏதாவது யோசிக்கிறானான்னு கேட்கலாமா? கேட்டு நானே மனசில் விதைச்சிடுவேனோன்னு பயம்.

மேல்தளம்:
"செத்துடலாம்னு தோணுதா?" என்றே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. சுற்றி வளைத்தால்தான் மறைப்பார். ஆம் என்றால் போனை வைக்காதீர்கள். அவர் நம்பும் ஒருவரைக் கேபினுக்கு வரவழைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொருவர் கம்பெனியின் டி.பி.ஏ.வை, அதாவது கப்பல் பாதுகாப்புக்குக் கரையில் பொறுப்பாக இருப்பவரை, அழைக்கட்டும். கேப்டன் செயற்கைக்கோள் வழியாகக் கரை மருத்துவரைக் கேட்க முடியும். அதுவரை அவரைத் தனியாக விடக்கூடாது, வாட்சிலும் நிறுத்தக்கூடாது. உடல்நிலை காரணமாக ஊருக்கு அனுப்ப நேர்ந்தால் செலவு கப்பல் உரிமையாளருடையது. கப்பல் பணியாளர்களுக்கான உதவி எண்ணான சீஃபேரர்ஹெல்ப் 24 மணி நேரமும் இலவசம், குடும்பத்தாரும் பேசலாம். டி.பி.ஏ. எண்ணை இன்றைக்கே தம்பியிடம் வாங்கி வையுங்கள், கப்பலில் ஒட்டியிருப்பார்கள்.