கரூர் செப்புக்காசு: கைதியை இழுத்துப் போகும் உருவம், யார் காசு?

மணல்சல்லடை:
கரூர் அமராவதி ஆற்றுக் காசு என்று வந்தது. குறுக்களவு 13 மி.மீ., எடை 1.12 கிராம். முன்பக்கம் முத்துப்பட்டம் கட்டிய தலை, வலப்பக்கம் பார்க்கிறது. முகத்துக்கு முன்னால் லத்தீன் எழுத்தில் "விஎஸ் பிஎஃப் ஏவிஜி" வரை படிக்க முடிகிறது. பின்பக்கம் ஓர் உருவம் இடது நோக்கி நடக்கிறது, பின்னால் சின்னதாக இன்னொன்று. அடியில் "ஏஎன்டி". ரோமப் பேரரசர் வாலன்ஸ் காசு என்கிறார்கள். சரியா? பச்சை போக புளியில் ஊற வைக்கலாமா?

அக்கசாலை:
வாலன்ஸ் (364-378) இல்லை. அவர் காலத்தில் கைதியை இழுக்கும் காசு 17-18 மி.மீ., இரண்டு கிராமுக்கு மேல் இருக்கும். அதில் நடப்பவர் பேரரசர், கையில் கொடி, போவதும் வலப்பக்கம். உங்களுடையது பின்பக்கம் "சாலுஸ் ரெய்பூப்ளிக்கே" என்று எழுதிய வகை: இறக்கை உள்ள வெற்றித் தேவதை, தோளில் வெற்றிச்சின்னம். அவளுக்கு முன்னால் காலியிடத்தில் சிலுவை போன்ற கிறித்தவச் சின்னம் இருக்கிறதா பாருங்கள்.

எந்தப் பேரரசர் என்று அறிய, தலை உச்சியில் பெயரின் எழுத்துவரிசை எங்கே உடைகிறது, அதாவது இடைவெளி விடுகிறது என்பதுதான் சாவி. உடைவுக்குப் பின் "ஏஎன்விஎஸ்" என்று தொடங்கினால் இரண்டாம் வாலன்டினியன். "எஸ்ஐவிஎஸ்" என்றால் தியோடோசியஸ். வெறும் "விஎஸ்" என்றால் அர்க்காடியஸ் அல்லது ஹொனோரியஸ். ஆக உங்களுக்கு இருவர்தான் மிச்சம்.

பச்சைக்களிம்பு:
புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு அல்ல இது. அமிலம் களிம்போடு சேர்த்து எழுத்தையும் தின்றுவிடும். எழுத்து நிற்பதே அந்தக் களிம்பில்தான். காய்ச்சி வடித்த நீரில் போட்டு தினமும் நீரை மாற்றுங்கள், வாரக்கணக்கில் ஆகும். பிறகு மூங்கில் குச்சியால் நெருடலாம். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. அந்தக் காசைத் தனியாக, ஈரமில்லாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

அடியில் உள்ள "ஏஎன்டி" காசு அடித்த ஊர், அந்தியோக்கியா. அடுத்து வரும் ஆல்பா, பீட்டா, காமா போன்ற எழுத்து பட்டறை எண். "ஏஎல்ஈ" என்றால் அலெக்சாந்திரியா, "எஸ்எம்கே" என்றால் சிசிகஸ்.

ஒன்று கவனியுங்கள்: காசு அடிக்கும் செப்பு வில்லை அச்சைவிடச் சிறியது, அதனால் பாதி எழுத்து வெளியே போவது வழக்கம், அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். இலங்கையில் கிடைக்கும் உள்ளூர்ப் போலிகளில் எழுத்து வெறும் கோடுகளாகிவிடும்.

மணல்சல்லடை:
டார்ச்சைக் காசின் மட்டத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். உடைவுக்கு முன் ஓர் "ஐ", அதற்கு முன் வயிறு போல வளைவு. வளைவுக்குக் கீழே "ஆர்" எழுத்துக்கு இருப்பது போன்ற கால் தெரியவில்லை.

அக்கசாலை:
கால் இல்லையென்றால் "டி", அதாவது அர்க்காடியஸ். ஆனால் தேய்ந்த "ஆர்" எழுத்திலும் கால்தான் முதலில் போகும். இன்னும் ஓர் எழுத்து பின்னால் போங்கள்: சாய்கோடு இரண்டு நின்றால் "ஏ", அர்க்காடியஸ் உறுதி. வட்டம் என்றால் "ஓ", ஹொனோரியஸ். அவர் பேரரசரானது 393-இல், அதற்கு முந்தைய காசாக இருக்க முடியாது.