பீப்பாக்களை ஏற்றிவிட்டார்கள், மண்ணை யார் துப்புரவாக்குவது?

செம்மண்வளவு, இணுவில்:
எங்கள் மேற்கு மதிலோடு ஒட்டியிருந்த முற்றத்தில் பதினொரு வருடமாகப் பாவித்த எஞ்சின் எண்ணெய் சேர்த்து வைத்தார்கள். போன மாரிக்குப் பிறகு கிணற்று நீரில் நிறநிறமாய்ப் படலம் மிதந்தது, சோற்றிலும் எண்ணெய் மணத்தது. முறைப்பாடு செய்தோம். முற்றத்தை மூடினார்கள், பீப்பாக்களை லொறியில் ஏற்றினார்கள், விடயம் முடிந்ததென்று ஒரு கடிதமும் வந்தது. பீப்பாக்கள் நின்ற நிலமோ இன்னும் கறுத்துக் கிடக்கிறது. 1996இல் இடப்பெயர்வு முடிந்து திரும்பிய அன்று, வீட்டுக்குள் போகுமுன் அம்மா வாளி போட்டது இந்தக் கிணற்றில்தான். இன்று தண்ணீர் பவுசருக்காகக் குடத்தோடு படலையில் நிற்கிறேன். அந்த மண்ணை அகற்றுவது யார் கடமை? என்ன கேட்டு எழுத வேண்டும்?

கல்கிணறு:
அக்கா, மூடுவது வேறு, துப்புரவாக்குவது வேறு. உதாரணமாக, அமெரிக்காவில் அபாயக் கழிவுக்கான சட்டம் 1976இல் வந்தது. பழைய கசிவுகளுக்கு 1984 திருத்தம்தான் வழி செய்தது. அபாயக் கழிவைக் களஞ்சியப்படுத்த அனுமதிப்பத்திரம் வேண்டுமானால், கழிவு எந்தக் காலத்தில் போடப்பட்டதாக இருந்தாலும் அந்த வளவிலிருந்து கசிந்ததைச் சுத்தம் செய்தாக வேண்டும். எல்லை தாண்டிப் போயிருந்தால் அங்கும் போக வேண்டும். அதற்குப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும்.

நம் இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் நீரையும் மண்ணையும் மாசாக்குவதைத் தடுக்கிறது. அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவைச் (பாவித்த எண்ணெய் போன்ற அபாயக் கழிவு) சேகரிக்கவும் களஞ்சியப்படுத்தவும் 2008 முதல் தனி உரிமம் தேவை. அந்த உரிமத்தின் பிரதியையும் நிபந்தனைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேளுங்கள். மண்ணையும் அயல் கிணறுகளையும் உரிமையாளர் செலவில் பரிசோதிக்க வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த சுன்னாகம் வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம், மாசாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி 2 கோடி ரூபா செலுத்தக் கட்டளையிட்டது. அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

பழையதுலா, ஏழாலை:
பிள்ளை, கடிதத்துக்கு முன் மோட்டரை நிறுத்துங்கள். நமக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். இறைக்க இறைக்க எண்ணெய் உங்கள் பக்கம் இழுபடும், அடியில் இருக்கும் உப்பு நீரும் மேலேறும். கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆவி குசினிக்குள்தான் பரவும். பரிசோதனைக்குக் கண்ணாடிப் போத்தலில், காற்று நிற்காமல் விளிம்புவரை நிரப்பிக் கொடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் அந்தக் கறுத்த நிலத்தைத் தறப்பாளால் மூடவைக்க வேண்டும். ஒவ்வொரு மழையும் எண்ணெயைக் கீழே இறக்கும். தோண்டி எடுக்கும் மண்ணும் அபாயக் கழிவுதான். அது உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும், இன்னொருவர் பனங்காணிக்கு அல்ல.

செம்மண்வளவு:
மோட்டரை நிறுத்திவிட்டேன். அயலில் இன்னும் ஐந்து கிணறுகள் இருக்கின்றன, அந்த வீட்டாரிடமும் இன்று கையொப்பம் வாங்குகிறேன். கடிதத்தில் முதல் கோரிக்கை தறப்பாள்தான். எழுதியதும் இங்கே போடுகிறேன், கல்கிணறு தம்பி, அனுப்புமுன் ஒருமுறை பார்த்துத் தாருங்கள்.